வாசலுக்கு ஒரு அச்சு: மேஸ்திரியிடம் கேளுங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் மொட்டைமாடி ஒழுகல் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஸ்டாம்ப் கான்கிரீட், அதாவது கல் பதித்த மாதிரி அச்சு அழுத்திய கான்கிரீட் தரை பற்றி இரண்டு வரி சொல்லிவைத்தேன். ஒழுகலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசுவோம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தர்மபுரிக்காரன். பதினேழு வயதில் சித்தாளாகப் பாண்டு சுமந்து, அப்புறம் கொத்தனாராகி, இப்போது ஆறு பேரை வைத்து வேலை செய்கிறேன். பத்து வருஷமாக ஸ்டாம்ப் வேலையும் எடுக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், கெடுத்துத் தெரிந்துகொண்டது நிறைய.

வீட்டுக்கு முன்னால் 600 சதுர அடி இடம் இருக்கிறது. மகன் ஸ்டாம்ப் கான்கிரீட் என்கிறான். வீட்டுக்காரர் பேவர் பிளாக் போதும் என்கிறார். தினமும் இதே பஞ்சாயத்து. நீங்கள் தீர்த்து வையுங்கள் அண்ணா.
- வாசகி, காவேரிப்பட்டணம்

தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி அம்மா. அந்த 600 அடிக்குக் கீழே என்ன ஓடுகிறது? தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், செப்டிக் டேங்க் மூடி இதெல்லாம் அங்கே இருந்தால், என்றைக்காவது தோண்டத்தான் வேண்டும். பேவர் பிளாக்கைப் பெயர்த்து எடுத்து, வேலையை முடித்துவிட்டுத் திரும்ப அடுக்கிவிடலாம். ஸ்டாம்ப் கான்கிரீட்டை ஒருமுறை உடைத்தால் அந்த ஒட்டு ஆயுசுக்கும் தெரியும். அதே நிறப்பொடி, அதே அச்சு, அதே ஆள் என்றாலும் நிறம் ஒட்டாது. அதனால் முதலில் குழாய்களை ஓரமாகத் திருப்பிவிட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் மகன் பக்கம், முடியாவிட்டால் வீட்டுக்காரர் பக்கம்.

பேவர் பிளாக்கின் தொல்லையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இடுக்கில் புல் முளைக்கும், எறும்பு மண்ணை வெளியே தள்ளும், இரண்டு மழைக்காலம் போனால் கார் நிற்கிற இடம் குழிவிழும். ஸ்டாம்பில் அது இல்லை. அது ஒரே பலகை. கல் பதித்த மாதிரி தெரியும், ஆனால் கல் கிடையாது. ஈரக் கான்கிரீட் மேல் நிறப்பொடி தூவித் தேய்த்து, ரப்பர் மாதிரி இருக்கிற பாலியூரித்தேன் பாயை வைத்து அழுத்தி எடுக்கிற அச்சு. 1950களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவர் தொழிலாக வளர்த்த முறை இது. அங்கே அவர் கான்கிரீட்டைக் கல் மாதிரி காட்ட மெனக்கெட்ட அதே காலத்தில்தான் இங்கே நம் ஆட்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் பிழைப்புக்குக் கேடு என்றாலும். நீங்கள் இருப்பது கிரானைட் மாவட்டம். பட்டறைகளில் ஓரம் வெட்டிய துண்டுக் கல் மலையாகக் கிடக்கிறது. அசல் கல் பக்கத்தில் கிடைக்கும்போது கல்லின் அச்சு எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு முறை போய் விலை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐயா, நான் வேலையை ஒரு குழுவிடம் கொடுக்கப்போகிறேன். பக்கத்தில் நின்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
- வாசகர், பாலக்கோடு

விவரமாகவே சொல்கிறேன் தம்பி. நான் கெடுத்த வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காரிமங்கலம் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. 800 சதுர அடி, சித்திரை மாதம். கான்கிரீட் லாரி காலை ஆறு மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்தது பத்தரைக்கு. அன்றைக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. ஆறு ஆளுக்குக் கூலி போய்விடுமே என்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டோம்.

இந்த வேலையில் பதம் என்று ஒன்று உண்டு. கொட்டி மட்டம் செய்ததும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது தானாக வற்ற வேண்டும். அப்புறம் நிறப்பொடியைக் குனிந்து, மணிக்கட்டை வீசி, கேழ்வரகு விதைக்கிற மாதிரி தூவ வேண்டும். ஒரே கொட்டாகக் கொட்டக் கூடாது. இரண்டு தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கிற கைப்பலகை) தேய்த்து உள்ளே இறக்க வேண்டும். நூறு சதுர அடிக்கு முப்பது கிலோ அளவுக்குப் பொடி பிடிக்கும். இதில்தான் பலர் கஞ்சத்தனம் செய்வார்கள். மூட்டைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்தது, பாய் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற ரிலீஸ் பவுடர். திருநீறு மாதிரி பறக்கும், மூக்கில் துணி கட்டாமல் தூவ முடியாது. இடுக்குகளில் தங்கி இரண்டாவது நிறத்தைக் கொடுப்பதும் இதே பவுடர்தான்.

பிறகு விரலால் அழுத்திப் பார்ப்போம். ஒரு விரற்கடையில் கால் பங்கு அளவுக்குப் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. களி கிண்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தண்ணீர் தொட்ட கையில் களி ஒட்டாமல் உருண்டை பிடிக்க வருகிற நேரம், அதுதான் பதம். மார்கழியில் அந்தப் பதம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். சித்திரை மதியத்தில் பாயை எடுத்து வருவதற்குள் போய்விடும்.

வாத்தியார் வீட்டில் முக்கால் பாகம் அழகாக வந்தது. கடைசிக் கால் பாகம் இறுகிவிட்டது. பாய் மேல் ஏறிக் குதித்தோம், இடிகட்டையால் இடித்தோம், அச்சு நகக்கீறல் அளவுக்குத்தான் பதிந்தது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்தது. என் ஆள் ஒருவன் இளக்குவதாக நினைத்து ஒரு வாளித் தண்ணீரை அள்ளித் தெளித்து, அதன் மேலேயே பொடியைத் தூவித் தேய்த்துவிட்டான். நான் பார்த்தேன், தடுக்கவில்லை. மூன்றே மாதத்தில் அந்த மூலை மட்டும் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. வாத்தியார் சண்டை போடவில்லை. "நான் காலையில் பேப்பர் படிக்கிற இடம் அது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பாகத்தை ஜாயின்ட் வரை அறுத்தெடுத்து, என் செலவில் திரும்பப் போட்டேன். இன்றைக்கும் அது ஒரு பிடி நிறம் கூடுதலாகத்தான் தெரிகிறது.

ஆகவே நீங்கள் நின்று பார்க்க வேண்டியவை இவை. வெயில் காலம் என்றால் ஐந்து மணிக்கே கொட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவைக்கு முந்நூறு அடிக்கு மேல் வேண்டாம். 600 அடிக்கு நாலு அங்குலக் கனம் என்றால் 200 கன அடி, கிட்டத்தட்ட ஆறு கன மீட்டர், அதாவது ஒரு ரெடிமிக்ஸ் லாரி கொள்ளும் அளவு. இரண்டு நாளாகப் பிரித்தால் இரண்டு நடை வாடகை ஆகும். ஆகட்டும். கலவையில் "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று யாராவது சொன்னால் அவரை டீ குடிக்க அனுப்புங்கள். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் போனால் பலம் போய்விடும்.

அடித்தளத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் பாருங்கள். கொட்டிய மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டி இடித்திருக்க வேண்டும். வாட்டம் வீட்டைவிட்டு வெளியே, அடிக்குக் கால் அங்குலம். பத்தடிக்கு இரண்டரை அங்குலம் இறங்கும். கண்ணுக்கு அதிகமாகத் தெரியும், தண்ணீருக்கு அதுதான் சரி. சுவர், தூண், கேட் தூண் ஒட்டுகிற இடத்திலெல்லாம் அரை அங்குலத் தெர்மாகோல் வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் வெயிலில் விரியும்போது கேட் தூணைத் தள்ளும்.

போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதனால்தான் இப்படி என்று மேஸ்திரி சொல்கிறார். உண்மையா?
- வாசகர், பென்னாகரம்

ஃப்ளோரைடு பாவம், அதன் மேல் பல்லுக்கும் எலும்புக்கும் உண்டான பழியே போதும். அதற்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. உங்கள் வாசலில் பூத்திருப்பது வேறு. கான்கிரீட்டுக்குள் இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் ஈரத்தோடு மேலே ஏறி, ஈரம் காய்ந்ததும் தங்கிவிடுகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் தன் பங்குக்குச் சேர்க்கும். கெட்டிலில் அடியில் படிகிறதே, அதே சமாச்சாரம்.

ஆனால் வெள்ளையில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. கெட்டியான நார்த் துடைப்பத்தால் உலர்ந்த நிலையில் தேய்த்துக் கூட்டிவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தானாகக் குறையும். அதுவரை சீலர் (தரையைக் காக்க மேலே அடிக்கிற பூச்சு) அடிக்காதீர்கள், அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி ஆகிவிடும்.

நனைத்தாலும் பால் ஆடை மாதிரி அப்படியே நிற்கிறது என்றால் அது சீலரின் கோளாறு. தரை முழுக்கக் காயும் முன்பே அடித்திருப்பார்கள், அல்லது கனமாக அடித்திருப்பார்கள். ஈரம் அடியில் மாட்டிக்கொண்டது. சால்வென்ட் வகை அக்ரிலிக் சீலராக இருந்தால், சைலீன் என்கிற கரைப்பானை லேசாக ரோலரில் தொட்டு உருட்டினால் படலம் இளகி ஈரம் வெளியேறிவிடும். முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் செய்து பாருங்கள். சைலீன் எளிதில் தீப்பிடிக்கும், வாசனை தலையைக் கிறுகிறுக்க வைக்கும், பீடி பிடிக்கிற ஆள் பக்கத்தில் வரக் கூடாது.

ஆசிட் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் உப்போடு சேர்த்து நிறத்தையும் சிமென்ட்டையும் தின்றுவிடும். வேண்டவே வேண்டாம்.

இனிமேல் போடப்போகிறவர்களுக்கு ஒரு சொல். கூரைக் கான்கிரீட்டுக்குச் செய்கிற மாதிரி வைக்கோல், சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாக்கின் நிறம் அப்படியே இறங்கிவிடும். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் சுருக்கம் பட்ட இடமெல்லாம் வரைபடம் மாதிரி கோடு விழும். மறுநாள் ரிலீஸ் பவுடரைக் கழுவிவிட்டு, ஸ்பிரேயரில் ஒரே சீராகத் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாள். ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் நனைந்து இருக்கவே கூடாது. சீலர் அடிக்க இருபத்தெட்டு நாள் பொறுங்கள்.

வெட்டுக்கோடு போட்டால் டிசைன் கெட்டுவிடும், போடாவிட்டாலும் விரிசல் வராது என்கிறார் காண்ட்ராக்டர். நம்பலாமா?
- வாசகர், அரூர்

விரிசல் வராத கான்கிரீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. நாம் கோடு போடாவிட்டால் அது தானே போட்டுக்கொள்ளும், அதுவும் நடு வாசலில். நாலு அங்குலத் தளத்துக்கு எட்டிலிருந்து பத்தடிக்கு ஒரு கோடு, ஆழம் ஒரு அங்குலம், வெயில் காலத்தில் அன்றைக்கு மாலையே அறுத்துவிட வேண்டும். அச்சின் கல் இடுக்கோடு சேர்த்து அறுக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் கோடு இருப்பதே தெரியாது. அவரால் முடியாது என்பதைத்தான் டிசைன் கெடும் என்று சொல்கிறார்.

ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால், இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று கை வைத்துப் பாருங்கள். மட்டமாக இருந்தால் பாலியூரித்தேன் சீலன்ட்டை அடைத்து, ஈரம் ஆறும் முன் அதே நிறப்பொடியைத் தூவிவிடலாம். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அடியில் மண் போயிருக்கிறது, மேலே பூசிப் பிரயோஜனம் இல்லை.

மழை பெய்தால் எங்கள் வாசல் வழுக்குகிறது. மாமியார் ஒருமுறை விழுந்தேவிட்டார். மினுமினுப்பு போய்விட்டதே என்று போன வருஷமும் இந்த வருஷமும் சீலர் அடித்தோம்.
- வாசகி, ஓசூர்

அதுதான் காரணம் அம்மா. வருஷா வருஷம் அடித்தால் அச்சின் சொரசொரப்பு எல்லாம் படலத்துக்கு அடியில் புதைந்துபோகும். கண்ணாடி மேல் நடக்கிற மாதிரிதான். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். எப்போது என்று தெரிய ஒரு வழி: தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. தரை தண்ணீரைக் குடித்துக் கறுத்தால் அடிக்கிற காலம் வந்துவிட்டது.

இப்போதைக்கு ரிமூவர் போட்டுப் பழைய படலத்தை எடுத்துவிட்டு, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மினுங்காத மேட் வகை சீலரில் வழுக்காத் தூள் கலந்து மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள். காலையில் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் கொப்புளம் வரும். மாமியாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொங்கல் வைக்கலாமா?
- வாசகி, ஊத்தங்கரை

நேராக அடுப்பு மூட்டாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, மேல் தோல் படீரென்று தெறிக்கும். சீலரும் கருகும். மூன்று அங்குலத்துக்கு மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி, அதன் மேல் மூட்டுங்கள். தீபாவளிச் சங்குசக்கரத்துக்கும் ஒரு பழைய கடப்பாக்கல்லை ஒதுக்கிவையுங்கள்.

டிராக்டர் நிறுத்துவோம், அறுவடையில் கேழ்வரகும் காயப்போடுவோம். ஸ்டாம்ப் போடலாமா?
- வாசகர், சூளகிரி

வேண்டாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஆறு அங்குலக் கனம், கம்பி வலை. ஆனால் சேற்றுழவுக்கு மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலோடு ஒருநாள் ஏற்றினீர்கள் என்றால் அச்சு எல்லாம் போய் உழவு அச்சுதான் மிஞ்சும். கேழ்வரகு இடுக்கில் போய் உட்கார்ந்தால் குருவிக்குத்தான் லாபம். களத்துக்கு வழுவழு சிமென்ட்டே ராஜா.

பழைய சிமென்ட் தரை மேலேயே அச்சு போடலாம் என்கிறார்களே?
- வாசகர், பாப்பாரப்பட்டி

போடலாம். பாலிமர் கலந்த தனிக் கலவை, கால் அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை. சாதாரணச் சிமென்ட் மணல் கலவையில் செய்தால் பெயர்ந்துவிடும். முதலில் கட்டையால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். பானையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வருகிற இடமெல்லாம் உடைக்க வேண்டும். பழைய விரிசல் எங்கே இருந்ததோ அங்கேயே புதிதிலும் வரும். உயரம் கூடிக் கதவு உரசுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசியில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

மாமரத்துக்குக் கீழே வாசல். இலைக் கறை, பைக் எண்ணெய்க் கறை. என்ன நிறம் போட்டால் தெரியாது?
- வாசகர், போச்சம்பள்ளி

செங்கல் பழுப்பு அல்லது கருஞ்சாம்பல். அயர்ன் ஆக்சைடு நிறங்கள் வெயிலில் நிற்கும். மலிவான நீலம் வெளுக்கும். சந்தன நிறம் ஆசைப்பட்டால் தினமும் கூட்ட ஒரு ஆள் வேண்டும். இலை ஈரமாவதற்கு முன் கூட்டிவிடுங்கள். எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேயுங்கள்.

எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்களே, உங்கள் வீட்டு வாசலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

மாட்டிக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லோருக்கும் காட்டுவதற்காகவே என் வாசலில் ஸ்டாம்ப் போட்டேன். உருண்டைக் கல் அச்சு, பழுப்பு நிறம், என் கையாலேயே. வேலை முடிந்து சீலர் அடித்து, மறுநாள் காலை ஐந்தரைக்கு வீட்டம்மா சாணித் தண்ணீர் வாளியோடும் கோலப்பொடி டப்பாவோடும் வெளியே வந்தாள். தெளித்தாள், இடுக்கில் எல்லாம் பச்சையாகத் தேங்கி நின்றது. குனிந்து நாலு புள்ளி வைத்தாள். இரண்டு கல்லின் மேட்டில், இரண்டு பள்ளத்தில். கம்பியை இழுத்தால் கோடு மலை ஏறி இறங்குகிறது.

"உன் கல்லுக்கு நடுவுல நான் எங்கய்யா புள்ளி வெக்கிறது?" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் எங்கள் வீட்டுக் கோலம் தெருவில் தார் ரோட்டின் மேல்.

மூன்றாம் நாள் கட்டர் எடுத்து, படிக்கு முன்னால் ஐந்தடிக்கு ஐந்தடி சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிறம் இல்லாத சாதாரணக் கான்கிரீட்டைப் போட்டு மணியாஸ் கட்டையால் தேய்த்துவிட்டேன். கோலம், சாணி, காவி எல்லாம் அதற்குள்தான். காவி அச்சு இடுக்கில் இறங்கினால் போகாது என்பதால் மார்கழியில் நானே ஓரத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். இப்போது நான் எடுக்கிற வேலைகளில் பாதி வீட்டில், அம்மாக்கள் முதலில் கேட்பது அந்தச் சதுரத்தைத்தான். போன தையில் வீட்டம்மா அதை ஏழடியாக்கித் தரச் சொல்லியிருக்கிறாள். கட்டருக்கு பிளேடு வாங்க வேண்டும்.